அறுநூற்று எண்பத்து மூன்று ஓட்டைகள்

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், வேலம்பாளையத்தில் உள்ள ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் அறையில் இருந்தவர்கள்:

வெள்ளையம்மாள். ஐம்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே துணி பார்க்கிறவள். மிஷினில் பின்னி வரும் துணியை விளக்கு மேஜையில் ஓடவிட்டு ஓட்டை, கறை, அறுந்த இழை எல்லாவற்றையும் பிடிப்பது வேலை. அடைக்க முடிந்த ஓட்டையை ஊசியால் அடைப்பாள். முடியாததற்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள்.

முகமது ரபீக். இருபத்தொன்பது வயது. நிட்டிங் மிஷின் பிட்டர். இன்ஜினியரிங் படிப்பை மூன்றாம் வருஷத்தோடு விட்டவன். சோலார் பேனலின் முதுகில் கட்டி அதைக் குளிர வைக்கும் ஒரு துணியைக் கண்டுபிடித்தவன். வியாழக்கிழமை வரைக்கும் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஜனனி. முதலாளி அர்த்தநாரியின் மகள். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அவளுடையது.

மேஜை மேல் அந்தத் துணி கிடந்தது.

ஜனனி: …அதத்தானுங்க அக்கா நானும் கேக்கறேன். மொத்தம் எத்தனை?

வெள்ளையம்மாள்: அறுநூத்தி எம்பத்தி மூணுங்க அம்மிணி.

ஜனனி: எண்ணுனீங்களா?

வெள்ளையம்மாள்: எண்ணாம எப்படிங்க. ரிப்போர்ட்ல நெம்பர் போடோணுமல்லோ.

ரபீக்: அத்தனையும் கையில அடச்சீங்க.

வெள்ளையம்மாள்: காலுல அடைக்கப் பழகல தம்பி.

ரபீக்: சிரிக்கறதுக்கு இது நேரமில்லீங்கக்கா.

வெள்ளையம்மாள்: நான் எங்க சிரிச்சேன். ஒன்னேகால் நாளு குனிஞ்சது குனிஞ்சபடி. மறுநாளு சட்டை மாட்டறதுக்குக் கை தூக்க முடியல.

ஜனனி: யாரு அடைக்கச் சொன்னா?

வெள்ளையம்மாள்: ஓட்டை சொல்லுச்சுங்க.

ஜனனி: அக்கா…

வெள்ளையம்மாள்: நெசமாத்தானுங்க. ஒரு ரோல்ல ஒரு ஓட்டை விட்டா ஐயா கூப்புட்டு மூஞ்சிக்கு நேரா துணிய விரிச்சுக் காட்டுவாரு. இருவத்திரண்டு வருசமா ஓட்டை விடாதே விடாதேன்னு சொல்லிப் போட்டு, இப்ப ஏன் விடலைன்னா…

ரபீக்: அது ஓட்டை இல்லீங்கக்கா. டிசைன்.

வெள்ளையம்மாள்: சரி. டிசைன அடச்சுப் போட்டேன்.

ஜனனி: இருங்க. சண்டை வேண்டாம். நடந்ததெ நடந்தபடி எழுதிக் கையெழுத்து வாங்கோணும், அவ்வளவுதான். வியாழக்கெழம அந்த நெதர்லாந்துக்காரங்க நாலு பேரும் கூரை மேல ஏறி, வெயில்ல ஒரு மணி நேரம் நின்னாங்க. துணி கட்டுன பேனலு பதினோரு டிகிரி குளுந்திருக்கும்னு நாம சொல்லியிருந்தோம். மீட்டர்ல எவ்வளவு ரபீக்?

ரபீக்: ஒண்ணு.

ஜனனி: ஒரு டிகிரி. அவங்க மூஞ்சியெ நான் பாத்தேன். கீழ எறங்குனதும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. டிசைன் தப்பா, இல்ல ஹியூமன் எரரான்னு.

வெள்ளையம்மாள்: ரெண்டாவது என்னங்க?

ரபீக்: மனுசத் தப்பு.

வெள்ளையம்மாள்: டிசைன் போட்டது மனுசன் இல்லியா?

ஜனனி: டிசைன் தப்புன்னா அவங்க இனி வரமாட்டாங்க. ஆளு தப்புன்னா இன்னொரு ட்ரயலு தருவாங்க. அடுத்த மாசம் இருவதாம் தேதி. ரபீக்கெ அவங்க ஊருக்கே கூப்புடறதாவும் பேச்சு இருக்குது. அதனால நீங்க தெரியாம அடச்சிட்டீங்கன்னு எழுதிக் குடுத்தா…

வெள்ளையம்மாள்: குடுத்தா?

ஜனனி: அதுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு அடுத்தது கேப்பாங்க.

வெள்ளையம்மாள்: எடுத்தது என்னங்க?

ஜனனி: திங்கக்கெழமையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க அக்கா. அப்பாவும் ரொம்ப யோசிச்சுத்தான்… சட்டப்படி வர வேண்டியதெல்லாம் வந்துரும். அதுல ஒண்ணும் கொறை வெக்க மாட்டாரு.

வெள்ளையம்மாள்: சித்த தண்ணி குடுங்க அம்மிணி. அந்த பாட்டலு.

ஜனனி: இந்தாங்க.

வெள்ளையம்மாள்: …ம். சொல்லுங்க. அப்படி என்ன டிசைன்னு தெரிஞ்சுக்கறேன். எதுக்காகப் போறோம்னாச்சும் தெரியோணுமல்லோ.

ரபீக்: எத்தனையோ தடவை சொல்லியிருக்கேங்கக்கா.

வெள்ளையம்மாள்: மிஷின் சத்தத்துல சொல்லுவெ. இப்ப மிஷின் நிக்குது. சொல்லு.

ரபீக்: இலையெத் திருப்பிப் பாத்திருக்கீங்களா?

வெள்ளையம்மாள்: ஆட்டுக்கு ஒடிக்கறப்பப் பாத்திருக்கேன்.

ரபீக்: அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத வாயா இருக்கும். ஆயிரக்கணக்குல. வேரு இழுத்த தண்ணி அது வழியா ஆவியாப் போகும். அதனாலதான் சித்திரை வெயில்ல நின்னாலும் வேப்பெல சுடாது. பக்கத்துல கெடக்கற தகரம் சுடும்.

வெள்ளையம்மாள்: இது தெரியறதுக்கு மூணு வருசம் காலேஜா.

ரபீக்: கேளுங்க. சோலார் பேனலுங்கறது வெயில்ல நிக்கற எலை மாதிரிதான். ஆனா வாயி இல்ல. நம்ம கூரைல அறுவத்தஞ்சு, எழுவது டிகிரிக்குப் போகுது. சூடு ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் ஆயிரத்துல நாலு பங்கு கரண்டு கொறையும். வெயிலு அதிகமா அடிக்கறப்பத்தான் பேனலு சோந்து போகுது. வெயில்ல பொழைக்கப் பொறந்தது வெயிலுக்கே தாங்கறதில்ல.

வெள்ளையம்மாள்: நம்மாட்ட.

ரபீக்: ஈரத் துணியெ முதுகுல கட்டிக் குளுர வெக்கறது பல பேரு பண்ணிப் பாத்ததுதான். அது வெறுந்துணி. நான் அதுக்கு வாயி வெச்சேன். ஊசியெ மாத்திப் போட்டு, நாலு வெரல் அகலத்துக்கு ஒரு ஓட்டை, மொளகு தண்டிக்கு. மேல ஒரு சின்னக் குழாயிலிருந்து தண்ணி எறங்கும். துணி உறிஞ்சும். வாயி வழியாக் காத்துப் பூந்து ஆவியெ எடுத்துட்டுப் போகும். இந்த வாயெல்லாம் அடச்சுட்டா ஆவி உள்ளயே நிக்கும். பேனலு வெந்து போகும்.

வெள்ளையம்மாள்: இதெ நீயே யோசிச்சியாக்கு?

ரபீக்: பதினாலு மாசம்.

ஜனனி: அவரு நெறைய படிச்சிருக்காருங்க அக்கா. அவங்களுக்குக் காட்டுன ஸ்லைடெல்லாம் இவரு போட்டதுதான். சஹாரா பாலைவனத்துல ஒரு எறும்பு, ஒடம்பு பூரா வெள்ளி மாதிரி முடி, அது வெயிலத் திருப்பி அடிக்குதுன்னு ஒரு ஸ்லைடு. அதுக்கே கை தட்டுனாங்க.

வெள்ளையம்மாள்: எறும்புக்கு.

ரபீக்: ஜெர்மனில ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சியோட றெக்கையெப் பெருசாக்கிப் பாத்தாங்க. றெக்கை பூரா பொடி ஓட்டை. வெளிச்சம் அந்த ஓட்டைக்குள்ள பூந்தா சிதறிச் சிதறி வெளிய வர வழி தெரியாம உள்ளயே கெடந்துருது. அதெ பாத்து மெல்லிசான சோலார் சில்லுல அதே மாதிரி ஓட்டை போட்டாங்க. ரெண்டு மடங்கு வரைக்கும் வெளிச்சத்தெ உறிஞ்சுச்சு.

வெள்ளையம்மாள்: எந்தப் பட்டாம்பூச்சி?

ரபீக்: நம்ம ஊர்லயும் இருக்குது. கறுப்பு றெக்கை, செவப்பு ஒடம்பு. ரோஜா அழகின்னு…

வெள்ளையம்மாள்: ஆடுதின்னாப்பாளைச் செடில புழுவாக் கெடக்குமே, அதா?

ரபீக்: அதேதான்.

வெள்ளையம்மாள்: நம்ம காட்டுல திரிஞ்ச பூச்சி. அவன் ஓட்டையப் பாத்தா விஞ்ஞானி. நான் பாத்தாச் செக்கிங்.

ஜனனி: அக்கா, நேரமாகுது.

வெள்ளையம்மாள்: நானா நேரத்தெப் புடிச்சு வெச்சிருக்கேன். எழுதுங்க.

ஜனனி: எழுதி வெச்சிருக்கேன். நடுவுல ரெண்டு மூணு சந்தேகம். துணியெ உங்க ரேக்குல யாரு கொண்டாந்து வெச்சாங்க?

ரபீக்: நிட்டிங்ல இருந்து பசங்க யாராச்சும் வெச்சிருப்பாங்க மேடம். நான் கூரைக்குன்னு தனியா வெச்சிருந்தேன். செக்கிங் வேண்டாம்னு மஞ்சச் சீட்டு எழுதி ஊக்குக் குத்தியிருந்தேன்.

வெள்ளையம்மாள்: என்ற ரேக்குல இருந்தப்பச் சீட்டு இல்ல.

ரபீக்: இருந்துச்சுங்கக்கா.

வெள்ளையம்மாள்: இல்ல தம்பி.

ரபீக்: நான் எழுதுனது எனக்குத் தெரியாதா?

வெள்ளையம்மாள்: எழுதுனெ. இல்லைங்கல. என்ற ரேக்குல இல்ல.

ஜனனி: காத்துல விழுந்திருக்கும்.

வெள்ளையம்மாள்: ஊக்குக் குத்துனதுங்களா?

ஜனனி: அப்ப வெச்ச ஆளெ நீங்க பாக்கல?

வெள்ளையம்மாள்: பாக்கலீங்க.

ரபீக்: …பசங்கதான் மேடம். இப்ப கேட்டா யாரு ஒத்துக்குவா.

ஜனனி: சரி, சீட்டு விழுந்துருச்சுன்னு போட்டுக்கறேன். ரபீக், புதன்கெழம சாயந்தரம் மேல கட்டறப்ப நீங்களாச்சும் பாத்திருக்கலாமே. அறுநூறு ஓட்டை இல்லைங்கறது கண்ணுக்குத் தெரியாமலா போகும்?

ரபீக்: நான் மீட்டர் வயரிங்ல இருந்தேன் மேடம். கட்டுனது பசங்க.

வெள்ளையம்மாள்: பசங்க பாவம்.

ரபீக்: என்னங்கக்கா?

வெள்ளையம்மாள்: ஒண்ணுமில்ல. நெறைய வேலை பாத்திருக்காங்கன்னேன்.

ஜனனி: துணியில வேற எதாச்சும் வித்தியாசமாப் பாத்தீங்களா?

வெள்ளையம்மாள்: வெறப்பா இருந்துச்சுங்க. ஊசி எறங்கல. அலசிக் காய வெச்சுத்தான் தெச்சேன்.

ஜனனி: வெறப்பாவா? காட்டன்தானே அது?

ரபீக்: கஞ்சி மேடம். அதுல ஒரு பினிஷிங் குடுத்திருந்தேன்.

ஜனனி: எங்கிட்டச் சொல்லலையே.

ரபீக்: சின்ன விசயம்னு விட்டுட்டேன்.

வெள்ளையம்மாள்: கஞ்சியா தம்பி?

ரபீக்: ஆமாங்கக்கா.

வெள்ளையம்மாள்: …அப்பச் சரி. கஞ்சின்னே எழுதிக்குங்க அம்மிணி.

ஜனனி: அது வேண்டாம், கொழப்பும். இப்ப படிக்கறேன், கேளுங்க. “வெள்ளையம்மாள் ஆகிய நான், முறையான பயிற்சி இல்லாத காரணத்தால், சோதனைத் துணியின் வடிவமைப்பைப் பழுது எனத் தவறாகக் கருதி…”

வெள்ளையம்மாள்: இருங்க. என்ன இல்லாத காரணத்தால்?

ஜனனி: பயிற்சி.

வெள்ளையம்மாள்: அதெ எடுத்துருங்க.

ஜனனி: அக்கா, அது ஒரு வார்த்தைதான்…

வெள்ளையம்மாள்: ஒரு வார்த்தைதானே. எடுத்துருங்க. இந்தக் கம்பெனில செக்கிங்குக்கு வந்த அத்தனை பிள்ளைகளுக்கும் நான்தான் பழக்கி விட்டேன். உங்க அப்பா நாலு மிஷின் போட்டு ஆரம்பிச்சப்ப அவருக்கே இழை நழுவி விழற டிராப் ஸ்டிச்சுன்னா என்னன்னு நான்தான் காட்டுனேன். தப்புப் பண்ணீட்டேன்னு போடுங்க, வேலைய விட்டுப் போறேன்னு போடுங்க. வேலை தெரியாதவள்னு போடாதீங்க.

ஜனனி: அந்த வார்த்தை இருந்தாத்தான் அவங்க ஏத்துக்குவாங்க. பயிற்சி இல்லைன்னா இனிமே பயிற்சி குடுப்போம்னு சொல்லிப் பிரச்சனையெ முடிச்சுக்கலாம். இல்லாட்டி வேணும்னே பண்ணுனீங்கன்னு ஆயிரும்.

வெள்ளையம்மாள்: மேல அந்தத் தேதி என்னங்க? எனக்கு எழுத்துத்தான் தடுமாறும். நெம்பரு நல்லாத் தெரியும்.

ஜனனி: எந்தத் தேதி?

வெள்ளையம்மாள்: இது நேத்துத் தேதி.

ரபீக்: டைப் பண்றப்ப மாறியிருக்கும்.

ஜனனி: இல்ல ரபீக். பரவால்ல, சொல்லிடறேன். வெள்ளிக்கெழம சாயந்தரத்துக்குள்ள பதில் வேணும்னாங்க. நேத்தே மெயில் போட்டாச்சுங்க அக்கா.

வெள்ளையம்மாள்: என்ற பேரோடயா?

ஜனனி: பேரோடதான்.

வெள்ளையம்மாள்: அப்ப இந்தக் கையெழுத்து?

ஜனனி: பைல்ல வெக்கறதுக்கு.

வெள்ளையம்மாள்: நான் வேலை தெரியாதவள்னு நெதர்லாந்துக்காரனுக்கு நேத்தே தெரிஞ்சிருக்குது. எனக்குத்தான் இன்னிக்குத் தெரியுது.

ஜனனி: என்னெ அப்படிப் பாக்காதீங்க. எனக்கு மட்டும் ஆசையா? அவங்க ஆர்டரெ நம்பித்தான் ரெண்டு லைன் ஓடுது. அதுல ஒரு லைன்ல யாழினி இருக்கறா.

வெள்ளையம்மாள்: என்ற பிள்ளையெ எதுக்குங்க இழுக்கறீங்க?

ஜனனி: இழுக்கலீங்க. நல்லா வேலை செய்யற பொண்ணு. லைன் பாத்துக்கறதுக்கு அவ பேரத்தான் நானே சொல்லியிருக்கேன். இந்த நேரத்துல வம்பு வளந்தா அப்பா என்ன சொல்லுவாரோ, எனக்கே தெரியாது. அதத்தான் சொல்றேன்.

வெள்ளையம்மாள்: …ரொம்ப மரியாதையாச் சொல்றீங்க.

ஜனனி: சரி, அந்த வார்த்தைக்கு மட்டும் அப்பாகிட்டப் பேசிப் பாக்கறேன். ரெண்டு நிமிசம். ரபீக், நீங்க எடுத்துச் சொல்லுங்க.

ரபீக்: சரிங்க மேடம்.

வெள்ளையம்மாள்: …போய்ட்டாங்களா? எடுத்துச் சொல்லு.

ரபீக்: அக்கா, நான் ஒண்ணும் உங்களுக்கு எதிரி இல்ல.

வெள்ளையம்மாள்: தெரியும். எதிரின்னா நான் இத்தனை நாளு உனக்குச் சோறு குடுத்திருக்க மாட்டேன்.

ரபீக்: ஒம்பது வருசம் நைட் ஷிப்டு பாத்தேன். பகல்ல தூங்கி எந்திரிச்சா யாரோ எல்லாத்தையும் முடிச்சுட்டுப் போன மாதிரி இருக்கும். என்ற கூடப் படிச்சவன் ஒருத்தன் கோயமுத்தூர்ல பெரிய ஆளு. போன் பண்ணுனா எடுக்கறதில்ல. இந்தத் துணி வந்தப்பறம் அவனே கூப்புட்டான். கூரை மேல அந்த நெதர்லாந்துக்காரரு கை குடுத்து, மிஸ்டர் ரபீக்குன்னாரு.

வெள்ளையம்மாள்: நானும் சொல்லோணுமா? மிஸ்டருன்னு?

ரபீக்: இப்படிப் பேசுனா நான் என்ன பேசறது.

வெள்ளையம்மாள்: பேசாதெ. நான் கேட்டனா?

ரபீக்: இந்த ட்ரயலு போச்சுன்னா மறுபடி நைட் ஷிப்டுதான். ஆயில் துணியும் ஸ்பேனரும். எனக்கு அது முடியாதுங்கக்கா. செத்துரலாம்.

வெள்ளையம்மாள்: சாகறதெல்லாம் வேண்டாம். ஷிப்டுக்கு ஆளில்லன்னு நூறு கம்பெனி வாசல்ல போர்டு தொங்குது. எனக்கு எந்த வாசல்ல தொங்குது? கண்ணாடி போட்ட கெழவியெ எவன் செக்கிங்குக்கு எடுப்பான்?

ரபீக்: நான் பேசி வெச்சிருக்கேன். காதர்பேட்டைல எங்க அமானுல்லா மாமா கடை. பழுதுன்னு ஒதுக்குன செகண்ட்ஸ் பனியன் வருது மூட்டை மூட்டையா. பிரிச்சுப் போட ஆள் வேணும்னாரு. உக்காந்த எடத்துல வேலை. ஓட்டை பாக்கறதுதான்.

வெள்ளையம்மாள்: எப்பப் பேசுனெ?

ரபீக்: ம்?

வெள்ளையம்மாள்: மாமாகிட்ட எப்பப் பேசுனெ?

ரபீக்: அது… வியாழக்கெழம ராத்திரி.

வெள்ளையம்மாள்: நான் போகப் போறது வெள்ளிக்கெழமதானே முடிவாச்சு. நல்ல மனசு தம்பி உனக்கு. முன்கூட்டியே எடம் பாத்து வெச்சிருக்கெ.

ரபீக்: மீட்டர்ல ஒண்ணுன்னு வந்ததுமே எனக்குத் தெரியும்க்கா, யாரெயாச்சும் கேப்பாங்கன்னு. அது நீங்களா இருந்தா ஒரு வழி இருக்கட்டும்னு…

வெள்ளையம்மாள்: வர்றாங்க. வாயெ மூடு.

ஜனனி: அக்கா, அப்பாகிட்டப் பேசுனேன்.

வெள்ளையம்மாள்: முடியாதுன்னுட்டாரா?

ஜனனி: ஏற்கெனவே போன மெயில மாத்துனா சந்தேகப்படுவாங்கங்கறாரு. அவரும் வருத்தப்படறாருங்க. நேர்ல வந்து பேச அவருக்கு மனசு வரல.

வெள்ளையம்மாள்: மாடிலதான இருக்காரு?

ஜனனி: ஆமாங்க.

வெள்ளையம்மாள்: எறங்கி வர்றதுக்குப் பதினாறு படி. சரி, பேனாவெக் குடுங்க.

ஜனனி: இங்க. அப்பறம் இங்க ஒண்ணு.

வெள்ளையம்மாள்: யாழினியெப் பாத்துக்குங்க.

ஜனனி: நான் பொறுப்பு.

வெள்ளையம்மாள்: பொறுப்புன்னு எழுதிக் குடுப்பீங்களா? …இல்ல, வெளையாட்டுக்குச் சொன்னேன். இந்தாங்க. எழுத்துச் சரியா வரலீன்னா மன்னிச்சுக்குங்க. பயிற்சி இல்ல.

ஜனனி: …ஐடி கார்டு.

வெள்ளையம்மாள்: கழட்டீட்டேன். கட்டரு டிராயர்ல இருக்குது. ஊசி கணக்கு நோட்டுல ஏழு, டப்பாவுல ஏழு. எண்ணிக்குங்க.

ஜனனி: அதெல்லாம் வேண்டாமுங்க அக்கா.

வெள்ளையம்மாள்: எண்ணுங்க. நாளைக்கி எவ சட்டையிலயாச்சும் ஊசி இருந்தா அதுக்கும் என்ற பேரெப் போடுவீங்க.

ஜனனி: …ஏழு. சரியா இருக்குது. இன்னொண்ணுங்க. முன்னால தையல் பொண்ணுங்க சாப்புட்டுட்டு இருக்காங்க. எல்லாரும் கேள்வி கேப்பாங்க, உங்களுக்கும் சங்கடம். பின்பக்கக் கதவு வழியாப் போயிருங்களா? ரபீக், சாவி உங்ககிட்டத்தானே? தொறந்து விட்டுட்டு மறுபடி பூட்டீருங்க. எனக்கு போன் வருது, அவங்கதான்.

ரபீக்: வாங்கக்கா. பையெ நான் எடுத்துக்கறேன்.

வெள்ளையம்மாள்: என்ற பையெ நான் எடுத்துக்கறேன். நீ கதவெத் தொற.

ரபீக்: துருப்புடிச்சிருக்குது… இருங்க. ஆ, தொறந்துருச்சு. பாத்து எறங்குங்க, கீழ் படி ஒடஞ்சிருக்குது.

வெள்ளையம்மாள்: தம்பி.

ரபீக்: சொல்லுங்கக்கா.

வெள்ளையம்மாள்: அந்தத் துணி என்ற மேஜைக்கு வந்தப்ப ஒரு ஓட்டையும் தொறந்து இல்ல.

ரபீக்: …என்ன?

வெள்ளையம்மாள்: எல்லாத்துலயும் உப்புப் பூத்திருந்துச்சு. அப்பளமாட்ட நின்னுது துணி. கிள்ளி நாக்குல வெச்சுப் பாத்தேன். நம்ம போர்வெல் தண்ணி உப்பு. என்ற ஊட்டுல கொடமெல்லாம் அந்த உப்புதான் ஒட்டிக் கெடக்குது, எனக்குத் தெரியாதா? அது கூரைக்கு ஒருக்காப் போய்ட்டு வந்த துணி.

ரபீக்: மெதுவாப் பேசுங்கக்கா.

வெள்ளையம்மாள்: கஞ்சிங்கறெ.

ரபீக்: ரெண்டு நாளு நல்லாத்தான் ஓடுச்சு. பதினொண்ணு கொறஞ்சுது, சத்தியமா. மூணாம் நாளு அஞ்சாச்சு. அஞ்சாம் நாளு ஒண்ணுமில்ல. மரத்துக்கு வேரு இருக்குதுங்கக்கா, உப்பெ வடிச்சு விட்டுரும். நான் எலையெ மட்டும் பாத்தேன். வேரெ யோசிக்கல. அப்ப உப்புன்னு புடிபடல, டிசைனே போச்சுன்னு நெனச்சேன்; அவங்க வர்றதுக்கு மூணு நாளுதான் இருந்துச்சு.

வெள்ளையம்மாள்: அதனால சீட்டெக் கழட்டி, மடிச்சு, சட்டைப் பையில போட்டுட்டு என்ற ரேக்குல வெச்செ. நான் மேஜைக்கடியில ஊசி தேடீட்டுக் குனிஞ்சிருந்தேன்.

ரபீக்: …பாத்தும் ஏனக்கா அடச்சீங்க?

வெள்ளையம்மாள்: ஓட்டை சரியா வரலையாட்ட இருக்குது, கேக்க வெக்கப்பட்டுட்டுக் கமுக்கமா வெச்சுட்டுப் போறான், கமுக்கமாவே முடிச்சுக் குடுத்துருவோம்னு நெனச்சேன். ஒத்தாசைன்னு நெனச்சேன். பழிக்கு என்னெ முன்னால நிறுத்தறதுக்கு நீ வெச்சுட்டுப் போறென்னு எனக்கெங்க தெரியும்? மொத ஆளா அடச்சது உப்பு. நான் ரெண்டாவது.

ரபீக்: மேடத்துக்கிட்டச் சொல்லியிருக்கலாமே.

வெள்ளையம்மாள்: எதெக் காட்டிச் சொல்றது? உப்பெ நானே அலசி விட்டுட்டேன். அடுத்த மாசம் உப்பில்லாத கேன் தண்ணி வாங்கி ஊத்துவெ. பதினொண்ணு கொறையும். கை குடுப்பாங்க. அப்பறம் வருசம் பூரா யாரு ஊத்தறது? அன்னிக்கு எவ பேரெப் போடுவெ? நான் இருக்க மாட்டேன். தண்ணி இதேதான் இருக்கும்.

ரபீக்: அக்கா…

வெள்ளையம்மாள்: கைய எடு. கதவு நசுக்கும்.

ஜனனி: ரபீக், அவங்க லைன்ல இருக்காங்க, உங்ககிட்டப் பேசோணுமாம். யாரு அங்க, இன்னும் போகலையா? என்ன சொல்றாங்க?

ரபீக்: ஒண்ணுமில்லீங்க மேடம். போய்ட்டாங்க. பூட்டிட்டேன்.